தேயிலை மூலையும் அஞ்சாம் நம்பர் கொடியும்

மைதான வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் புல்லைப் பற்றியே கேட்கிறீர்கள். எவ்வளவு கட்டையாக வெட்டுவது, உறைபனி விழும் மாதத்தில் எப்போது தண்ணீர் தெளிப்பது என்று. அதைப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவனே சொல்லிக்கொடுப்பான். நான் சொல்ல நினைப்பது வேறு. ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதுகிற பொறுமையும் எனக்கில்லை. இரண்டு வரிக்கு ஒருமுறை எழுந்து வாசல்வரை போய்வருகிறேன். அதனால் கதை அங்குமிங்கும் இழுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளம் வெட்டுவது சுலபம். பத்து ஆளும் மண்வெட்டியும் இருந்தால் போதும். வெட்டிய பள்ளம் ஆட வருகிற மனிதனை எந்தப் பக்கம் தள்ளும் என்று தெரிந்துகொள்வதுதான் நம் தொழில். அது தெரியாமல் மண்ணைத் தொடாதீர்கள்.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் வெள்ளைக்காரத் துரைமார் கிளப் ஒன்றில் நான் மைதானக் கங்காணியாக இருந்தேன். நாடு சுதந்திரமடைந்து, தோட்டத்துத் தமிழர்களான எங்கள் வோட்டு பறிபோயிருந்த வருஷங்கள். துரைமாரில் பாதிப் பேர் கப்பலேறுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் கோல்ப் ஆடினார்கள். எங்கள் மைதானத்தில் மொத்தம் ஒன்பது குழி. ஒவ்வொரு குழிக்கும் தனிப்பாதை உண்டு. பந்து அடிக்கிற மேட்டில் தொடங்கி, கொடி நட்ட குழியில் அது முடியும். குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் போடுகிறவனுக்கே ஜெயம். நாங்கள் அவற்றை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

அஞ்சாம் நம்பருக்கு அடிக்கிற மேடு நல்ல உயரம். அங்கே நின்றால் கொடிவரை எல்லாம் தெரியும். புல்வெளி நேராகக் கீழே இறங்கிப் போய், வலதுகைப் பக்கமாக முழங்கை மாதிரி மடங்கும். அந்த மடிப்புக்குள் ஒரு தேயிலை மலையின் மூலை நீட்டிக்கொண்டிருந்தது. அது பக்கத்துத் தோட்டத்துச் சொத்து. புல்வெளியோடு நேராக அடித்து, அங்கிருந்து திரும்பிக் கொடிக்கு அடிப்பது ஒழுங்கான வழி. தேயிலைக்கு மேலாகப் பறக்கவிட்டால் குறுக்கு வழி, அடிக்க வேண்டிய அடிகளில் ஓர் அடி மிச்சம். குறுக்கு வழி கண்ணுக்கு முன்னால் கிடக்கும்போது சுற்றிப் போகிறவன் யார்? கொஞ்சம் பலமாக அடிக்கத் தெரிந்த துரைமார் எல்லோரும் தேயிலைக்கு மேலேதான் அடித்தார்கள்.

அந்த மூலையில் கொழுந்து எடுத்தவர்களில் என் தங்கச்சி பார்வதியும் ஒருத்தி.

பந்து ஆட்கள் பக்கம் போனால் அடித்தவர் ஒரு சத்தம் போட வேண்டும். விலகிக்கொள் என்று அதற்கு அர்த்தம். துரைமார் ஊரில் அதைக் கேட்டவுடன் தலையைக் குனிந்துகொள்வார்களாம். எங்கள் மலையில் துரை சத்தம் போட்டால் நடப்பதே வேறு. கொழுந்து எடுக்கிற கை நின்றுவிடும். எல்லோரும் நிமிர்ந்து, சத்தம் வந்த திசையைப் பார்த்து நிற்பார்கள். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுத்துப் பழகிய சனம் வேறு என்ன செய்யும் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆக, காப்பாற்றுவதற்கு என்று போட்ட கூச்சலே முகத்தைப் பந்துக்கு நேராகத் திருப்பிவிட்டது. ஒரு சனிக்கிழமை வந்த பந்து பார்வதிக்கு இடது கண்ணுக்குக் கீழே எலும்பில் விழுந்தது. வீக்கம் வடிந்த பிறகும் அந்தக் கண்ணில் புகைமூட்டம் விலகவில்லை.

அடித்த துரை பொல்லாதவர் இல்லை. ஆள் அனுப்பி விசாரித்தார். அடுத்த சனிக்கிழமை வந்து மறுபடியும் தேயிலைக்கு மேலாகவே அடித்தார். இதைக் கவனியுங்கள். அந்த மேட்டில் நிற்கிற நேரத்தில் அவருக்கு என் தங்கச்சி ஞாபகம் இல்லை, மிச்சமாகும் ஓர் அடிதான் ஞாபகம். மனிதன் அப்படித்தான். அவனுக்குப் புத்தி சொல்லித் திருத்துவது நம் வேலை இல்லை, நமக்கு அது முடியவும் முடியாது.

பட்ட காலிலே படும் என்பார்கள். இன்னொரு பந்து அவளுடைய மற்றக் கண்ணில் பட்டால்? இந்த ஒரு நினைப்பு என்னை ஓர் இடத்தில் நிற்கவிடவில்லை. ஒன்றாம் நம்பரில் புல் வெட்டிக்கொண்டிருப்பேன், காது அஞ்சாம் நம்பரில் இருக்கும். அங்கே கூச்சல் கேட்டால் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் போய் அவளை வேறு மலைக்கு மாற்றச் சொன்னேன்.

"அவளை மாத்தலாம் கங்காணி. அப்புறம் அந்த மூலையில கொழுந்து எடுக்க யாரை அனுப்புறது? நீங்களே ஒரு ஆளைச் சொல்லுங்க" என்றார்.

யாரைச் சொல்வேன்? திரும்பி வந்தேன்.

பிறகு நானே வாத்தியாராகிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் அந்த மூலையில் வேலை செய்கிற பொம்பளைகளை நிறுத்தி, "சத்தம் கேட்டா நிமிராதீங்க. செடியோட செடியா குனிஞ்சுருங்க, கூடையைத் தலைக்கு மேல இழுத்துக்குங்க" என்று செய்து காட்டினேன். நான் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு குந்தியதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். பார்வதி மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கூச்சல் கேட்டது. ஒருத்தி பாக்கியில்லாமல் நிமிர்ந்து நின்றார்கள். பார்வதியும் நின்றாள். பந்து பக்கத்து வடிகால் கானுக்குள் விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, மண்டையில ஏறலையா ஒனக்கு?"

"நீ போண்ணே. வேலை கெடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

இந்த நேரத்தில்தான் கிளப்புக்குப் புது செக்ரட்டரி வந்தார். வாலிபர், பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சின்னத்துரை. கிளப்பில் எல்லோரையும்விடத் தூரமாக அடிக்கிறவர். ஹட்டன் பக்கத்துத் துரைமாரோடு வருஷாந்தர மேட்ச் வரப்போகிறது, அஞ்சாம் நம்பர் ரொம்பச் சுலபமாக இருக்கிறது, அதைக் கஷ்டமாக்க வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. எப்படிக் கஷ்டமாக்குவது? தோட்டம் நடத்துகிறவர்கள் தோட்டம் நடத்துகிற மாதிரியே யோசித்தார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர் போட்டு அரைநாள் சம்பளத்தை வெட்டுவதில்லையா, அந்த மாதிரி தப்பாக அடிக்கிறவனுக்குத் தண்டனை. நேர்வழியில் அடித்த பந்து உருண்டுவந்து நிற்கும் இடத்தைக் காட்டி, அங்கே மணல் பள்ளம் வெட்டச் சொன்னார்கள். வெட்டினோம். பார்க்க அழகாகவே இருந்தது. கடல்பக்கமிருந்து வந்த வெள்ளை மணலைக் கொட்டி வாரிவிட்டபோது எனக்கே பெருமை.

காலை நேரத்தில் தனியாக வந்து ஆடும் ஒரு வயதான துரைசானி இருந்தார். புருஷன் இறந்த பிறகும் ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர். பேரைச் சொன்னால் இப்போதும் கோபித்துக்கொள்வாரோ என்று பயம், அதனால் சொல்லவில்லை. தூரமாக அடிக்க மாட்டார். ஆனால் எங்கே அடிக்க நினைத்தாரோ அங்கே அடிப்பார். பள்ளம் வெட்டிய வாரம் கையில் பந்தடிக்கிற தடியோடு என்னைத் தேடி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"கங்காணி, நம்ம பந்து ஒருநாளும் தேயிலைக்குப் போனது இல்லே. இன்னைக்குப் போச்சு. ஏன்?"

"கை தவறியிருக்குங்க, துரைசானி."

"கை தவறலே. வா."

என்னை இழுக்காத குறையாக அஞ்சாம் நம்பர் மேட்டுக்குக் கூட்டிப் போனார். தடியை என் கையில் கொடுத்து, "இப்போ நீ அடி" என்றார். அந்த மேட்டில் நான் புல் வெட்டியிருக்கிறேன், உரம் போட்டிருக்கிறேன். அடிக்கிறவன் நிற்கிற மாதிரி ஒருநாளும் நின்றதில்லை. நின்று பார்த்தேன். கீழே எங்கள் வெள்ளை மணல் பளபளவென்று தெரிந்தது. அதைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. அதில் விழக்கூடாது, விழக்கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. குனிந்து என் காலைப் பார்த்தால், நான் சொல்லாமலே இரண்டு பாதமும் வலதுபக்கம் திரும்பி நிற்கின்றன. தேயிலையைப் பார்த்து.

"பள்ளம் பந்துக்கு இல்லே. இங்கே நிக்கிற ஆளுக்கு" என்றார் துரைசானி. "இந்தப் பக்கம் பயம். அந்தப் பக்கம் ஆசை. ஆள் எங்கே போவான்?"

இதுவரைக்கும் குறுக்கு வழிக்கு ஆசைப்பட்டவர்கள் மட்டும்தான் தேயிலைக்கு மேலே அடித்தார்கள். இனிமேல் பயந்தவர்களும் அங்கேதான் அடிக்கப் போகிறார்கள். பயந்தவனுக்கு அவ்வளவு தூரம் பறக்கவிடவும் தெரியாது. பந்து தேயிலைக்கு நடுவில்தான் விழும்.

செக்ரட்டரி துரையிடம் ஓடினேன். பள்ளத்தை மூட வேண்டும் என்றேன்.

"கமிட்டி சொல்லாமல் ஒண்ணும் மூட முடியாது. மேட்ச் முடியட்டும்."

"மேட்ச் அன்னைக்கு அந்த மூலையில கொழுந்து நாளுங்க தொரை."

"சத்தம் போடுவாங்க" என்றார், ஏதோ பெரிய பாதுகாப்பைச் சொன்ன மாதிரி.

மேட்சுக்கு முந்திய நாட்களில் நான் நடந்த நடைக்குக் கணக்கில்லை. மேட்டுக்கு ஏறுவேன், நிற்பேன், இறங்குவேன். பள்ளத்தைத் தொட அதிகாரம் இல்லை. தேயிலை வேறு ஆள் சொத்து. துரைமார் புத்தி என் கையில் இல்லை. அப்படியானால் என் கையில் இருப்பதுதான் என்ன? இதை நெருக்கடி வரும்போது நீங்களும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நமக்கு இல்லாத அதிகாரத்தை நினைத்துப் பொருமுவதில் பாதி நேரம் போய்விடுகிறது.

என் கையில் ஒன்றே ஒன்று இருந்தது. கொடி. குழி ஒரே இடத்தில் இருந்தால் சுற்றியுள்ள புல் மிதிபட்டுச் செத்துவிடும். அதனால் அதை மூடிவிட்டு வேறிடத்தில் வெட்டிக் கொடியை மாற்றி நடுவது மைதானக் கங்காணியின் வேலை. யாரையும் கேட்கத் தேவையில்லை.

கொடி நிற்கும் அந்த மழித்த புல்தரை அஞ்சாம் நம்பரில் நீளமாக, குறுக்காகக் கிடந்தது. தேயிலைப் பக்கமாக இருந்த அதன் வலது ஓரத்தை ஒட்டி ஆழமான கான் ஒன்று ஓடியது. கொடி நடுவில் நின்றால் எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் ஒன்றுதான். கானை ஒட்டி வலது ஓரத்தில் நின்றால்? தேயிலைப் பக்கமிருந்து வருகிறவன் கானைத் தாண்ட வேண்டும், தாண்டின உடனேயே பந்தை நிறுத்தவும் வேண்டும். அவனுக்கு அங்கே இடமே இல்லை. நேர்வழியில் வருகிறவனுக்கோ புல்தரையின் முழு நீளமும் முன்னால் கிடக்கும், உருட்டிவிட்டால் போதும். குறுக்கு வழியில் ஓர் அடியை மிச்சம் பிடித்தவன் கொடிக்குப் பக்கத்தில் வந்து இரண்டு அடியைத் தொலைப்பான். ஆசையை எடுத்துவிட்டால் பயந்தவன் என்ன செய்வான்? பள்ளத்துக்கு முன்னாலேயே கட்டையாக அடித்து நிறுத்திக்கொள்வான். அப்படித்தான் கணக்குப் போட்டேன். சரியாக வருமா என்று எனக்குத் தெரியாது.

மேட்ச் அன்று மலையெல்லாம் மூடுபனி. குழி வெட்டுகிற கருவியோடு அந்த ஓரத்தில் நின்றேன். மேட்ச் நாளில் கொடியை நடுவில், எல்லோருக்கும் பொதுவாக நடுவதுதான் வழக்கம். ஓரத்தில் நட்டால் விருந்தாளித் துரைமார் முணுமுணுப்பார்கள், செக்ரட்டரி என் கழுத்தைப் பிடிப்பார். பத்துச்சீட்டு கொடுத்து வேலையைவிட்டு நிறுத்திவிட்டால், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும். இதெல்லாம் தெரிந்துதான் வெட்டினேன். பழைய குழியை மூடி மிதித்துவிட்டேன்.

பனி விலகியது. கொழுந்துக்காரர்கள் மூலைக்குள் இறங்கினார்கள். பார்வதி கடைசி நிரையில், மேட்டுக்கு நேராக.

முதல் ஜோடி மேட்டில் ஏறியது. ஹட்டன் துரை ஒருவர் தேயிலையைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், மறுபடியும் தேயிலையைப் பார்த்தார். பெரிய தடியை எடுத்தவர் அதைத் திருப்பிப் பைக்குள் போட்டார். சின்னத் தடியை எடுத்து நேர்வழியில், பள்ளத்துக்கு முன்னால் கட்டையாக அடித்தார். கூட வந்தவரும் அப்படியே. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த ஜோடியும் நேர்வழிதான்.

அதற்கடுத்து எங்கள் செக்ரட்டரி துரை. கிளப்பிலேயே தூரமாக அடிக்கிறவர், விருந்தாளிகளுக்கு முன்னால் கட்டையாக அடிப்பாரா? வலதுபக்கம் திரும்பி நின்றார். அடித்தார். கூச்சல் போட்டார். நிரையெங்கும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். பார்வதி, பார்வை மங்கின கண் பக்கமிருந்து சத்தம் வந்ததால், முகத்தை முழுசாகத் திருப்பிக்கொண்டு நின்றாள். அடிக்கிற மேட்டுக்கும் அவளுக்கும் நடுவில் எங்கேயோ நான் ஓடிக்கொண்டிருந்தேன். ஓடி என்ன செய்ய முடியும்? பந்து அவர்கள் தலைக்கு மேலாகப் போய்ப் புல்லில் விழுந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

நல்ல அடிதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் அங்கிருந்து கொடிக்கு அடித்த பந்து கானைத் தாண்டி, நிற்க இடமில்லாமல் ஓடி, மறுபக்கச் சரிவில் இறங்கிவிட்டது. அங்கிருந்து திருப்பி அடித்தது நேராகக் கானுக்குள். அஞ்சாம் நம்பரில் தோற்றார், கடைசியில் மேட்சிலும் தோற்றார். பை தூக்குகிறவர்கள் வழியாக அஞ்சாம் நம்பர்ச் செய்தி பின்னால் வந்த ஜோடிகளுக்கெல்லாம் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு பந்துகூடத் தேயிலைப் பக்கம் வரவில்லை.

சாயந்திரம் செக்ரட்டரி துரை என்னைக் கிளப் விறாந்தையில் கூப்பிட்டு நிறுத்தினார்.

"கொடியை அங்கே வைக்க யார் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க தொரை. கொடி வைக்கிறது என் வேலைங்க."

"வேலை வேணுமா, பத்துச்சீட்டு வேணுமா?"

பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த துரைசானி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஹட்டன் துரை சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அஞ்சாம் நம்பர்தான் இந்த மைதானத்திலேயே யோசித்து ஆட வைத்த இடம் என்று துரைசானி சொன்னதாகப் பிறகு தெரிந்தது. செக்ரட்டரி துரை கையை அசைத்து என்னைப் போகச் சொன்னார்.

கமிட்டி கூடியது. நேர்வழிப் பள்ளத்தை மூடவும், கொடிப் பக்கத்தில் கானை ஒட்டி வேறு பள்ளம் வெட்டவும் உத்தரவு வந்தது. இனிக் கொடி எங்கே நின்றாலும் குறுக்கு வழியில் வருகிறவனுக்குத்தான் நஷ்டம். கூடவே இன்னொரு வேலையும் சேர்த்தார்கள். அந்த மூலையை ஒட்டி வரிசையாகச் சவுக்கு நட வேண்டும், ஆடுகிறவர்கள் கவனம் சிதறாமல் இருக்கும் என்று. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நேரே பார்வதியிடம் போய், "இனிமே பயமில்ல. மறைப்பா மரமும் வரப்போவுது" என்றேன்.

"மரம் வளந்தா மேட்டுல நிக்கிறவங்களுக்கு நாங்க தெரிய மாட்டோமே?"

"தெரியாது. அதுக்குத்தானே நடுறது."

"அப்ப வேணாம்ணே."

"என்ன பேசுற நீ?"

"சத்தம் கேட்டா நாங்க எதுக்கு எந்திரிச்சு நிக்கிறோம்னு நெனச்ச? தொரைக்குப் பயந்தா? குனிஞ்சு கெடந்தா மேலேருந்து பாக்குறவனுக்கு வெறும் தேயிலதான் தெரியும். வெறும் தேயிலைன்னா எவன் வேணும்னாலும் அடிப்பான். வந்த பந்தை நிறுத்த முடியாதுண்ணே. அடுத்தாப்ல அடிக்கப் போறவனாவது பாக்கட்டும்."

இவர்களைத்தான் நான் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு குந்தச் சொன்னேன்.

சவுக்குக் கன்றுகள் வந்து இறங்கிய அன்று செக்ரட்டரி துரை எங்கே குழி வெட்டுவது என்று காட்ட வந்தார். கொழுந்து நாள்.

"நடுறதுக்கு முன்னால மேட்டுக்கு வந்து ஒருதரம் பாத்துருங்க தொரை" என்றேன்.

ஏறி வந்தார். கீழே பார்த்தார். தேயிலை பச்சைப்பசேலென்று கிடந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு கூடை அசைந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"என்ன பார்க்கிறது?" என்றார்.

நான் இரண்டு கையையும் வாயில் குவித்து, அவர்கள் போடுகிற அந்தக் கூச்சலைப் போட்டேன். நிரை நிரையாக எல்லோரும் நிமிர்ந்து எங்களைப் பார்த்து நின்றார்கள். துரை ஓர் எட்டு பின்வாங்கினார். அந்த மூலையில் அவ்வளவு பேர் இருப்பார்கள் என்று அவர் நினைத்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எத்தனையோ தடவை அவர்கள் தலைக்கு மேலாக அடித்தவர்தான்.

ஒவ்வொரு நிரையாக எண்ணுகிற மாதிரி பார்த்தார். கீழே யாரும் குனியவில்லை.

"மரம் வேணாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.